பீலிக்கு மேலே ஒரு கறுவா வேலி

பூமணி தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அதனால் மேலே பாதையில் லொறி வந்து நின்றது அவளுக்குத் தெரியாது. நாங்கள்தான் பார்த்தோம்.

எங்கள் தோட்டத்துப் பீலி ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இழுத்துவிட்டிருந்தார்கள். அது தட்டையான ஒரு பாறைமேல் ராப்பகலாக விழுந்துகொண்டிருக்கும். கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது கையெல்லாம் தேயிலைக் கறை, காலெல்லாம் அட்டைக்கடி. பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஐந்தாறு பேராக அந்தப் பாறையில் நிற்போம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக் கதை முழுக்க அங்கேதான் நடக்கும்.

அன்றைக்குப் பின்னேரம் வந்த லொறியின் பின்னால் ஆண்கள் கொஞ்சப் பேர் நின்றிருந்தார்கள். எங்கேயோ கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். டிரைவர் இறங்கி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கு வேறு வேலை இல்லை. கீழே பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான்.

எங்களோடு நின்ற இராமாயி துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் அப்போது சொன்னதை நான் எழுதினாலும் இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

பூமணி முகத்தில் தண்ணீரை அடித்துக் கண்ணைத் திறந்தாள். நேராக மேலே பார்த்தாள். கல்யாணமாகி எங்கள் லயத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். சீயக்காய்த் தலையோடு ஓடிப் பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். லொறி போய் வெகுநேரம் ஆகியும் எழும்பவில்லை. நான் சேலையைக் கொண்டுபோய்ப் போர்த்திக் கூட்டிவந்தேன். உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

"குளிருதா பூமணி?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

பாதை வந்த கதை

சென்ற வாரம் பிள்ளைக் காம்பராவைப் பற்றி எழுதியிருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறையில்தான் எனக்கு வேலை. கமலம் என்ற என் பெயரை மறந்து தோட்டமே ஆயம்மா என்று கூப்பிட்டது அதனால்தான். படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டார்: "தேயிலை மலையைப் பற்றி எழுதுகிறீர்கள், லயத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். பெண்கள் குளித்த இடத்தைப் பற்றி ஏன் யாருமே எழுதுவதில்லை?"

நல்ல கேள்வி. எனக்கே யோசனை வந்தது அவர் கேட்ட பிறகுதான்.

எங்கள் தோட்டம் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவுக்கு மேலே ஏறிப் போகிற மலையில் இருந்தது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிய காலம். எங்களுக்கும் மேலே மலை உச்சியில் ஒரு சிங்களக் கிராமம். அங்கே யாருக்காவது நோய் என்றால் கதிரையில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் கீழே வரவேண்டும். அப்படி வருகிறவர்கள் எங்கள் லயத்து வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். நாங்கள் தண்ணீர் கொடுப்போம்.

ஆகவே ஒற்றையடிப் பாதையை லொறிப் பாதையாக்கப் போகிறார்கள் என்றதும் எங்களுக்கும் சந்தோஷம்தான். கல் உடைக்க எங்கள் ஆண்களும் போனார்கள். பாதையை அகலமாக்கும்போது விளிம்பில் ஆள் உயரத்துக்கு நின்ற மானாப் புல்லையும் சவுக்கு மரங்களையும் வெட்டித் தள்ளினார்கள். அவைதான் இத்தனை காலமும் எங்கள் பீலிக்கு மறைப்பாக இருந்தன என்பது அவை போன பிறகுதான் உறைத்தது. மரம் நிற்கும்போது அதை யார் நினைக்கிறார்கள்?

தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் போய் மறைப்புக்குப் பத்துத் தகரம் கேட்டோம். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான காலம் அது. "ஸ்டோர் கூரை ஒழுகுது. அதுக்கே தகரம் இல்லை" என்றார். பொய் இல்லை. தேயிலை ஸ்டோருக்குள் வாளி வைத்து மழைத் தண்ணீர் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கம்பில் கட்டினோம். முதல் காற்றில் கிழிந்தது. மறுபடி தைத்தோம். அதை யாரோ மிளகாய் காயப்போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

விடியுமுன்

மற்றப் பெண்கள் நாங்கள் ஒருமாதிரிப் பழகிக்கொண்டோம். லொறிச் சத்தம் கேட்டால் பாறைப் பக்கம் ஒதுங்குவது, சத்தம் போனபிறகு வருவது. ஒரு தலை குளிப்பதற்குள் நாலு தடவை ஓட வேண்டும். இராமாயி மட்டும் ஓடமாட்டாள். நின்ற இடத்தில் நின்று திட்டுவாள்.

பூமணியால் பழக முடியவில்லை. எல்லாரும் எழும்புவதற்கு முன்னால், இருட்டோடு போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். பாசி பிடித்த பாறை. "பாத்துத்தான் போறேன் அக்கா" என்பாள். அதற்குள் அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

ஒரு மார்கழி விடியலில் பிள்ளைக் காம்பரா அடுப்பை மூட்டக் கிளம்பினேன். பீலிப் பக்கமிருந்து முனகல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாறைக்குக் கீழே கிடக்கிறாள். பக்கத்தில் வாளி உருண்டு கிடந்தது.

அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதே பாதையில் மரக்கறி ஏற்றிவந்த ஒரு லொறி. டிரைவர் கோவா மூட்டைகளை இறக்கிப் பாதையோரம் போட்டுவிட்டு அவளைப் படுக்கவைக்க இடம் பண்ணினான். டவுன் வரைக்கும் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனான். அந்தப் பாதை இல்லாவிட்டால் பூமணியும் எங்களுக்கு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூமணி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

அவளுடைய கணவன் சுப்பையா கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிடுகிற வேலை அது. கை சுத்தம், வாய் பேசாது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கூட்டிவந்த நாளிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரை மேட்டில் தூக்கிக்கொண்டுவந்து லயத்துக் கோடிப்புறத்தில் வைக்க ஆரம்பித்தான். சாக்கால் ஒரு மூலையை வெயில்கூட நுழையாதபடி அடைத்துக் கொடுத்தான். பூமணி அதற்குள் குந்திக்கொண்டு கிண்ணத்தால் ஊற்றிக் குளித்தாள். மழையிலும் பனியிலும் அவன் அந்தத் தண்ணீரைச் சுமந்தான். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் மற்ற ஆண்கள் பெண்டாட்டிக்குத் தண்ணீர் தூக்குறவன் என்று பகிடி பண்ணினார்கள். மறுநாளும் அவன் வாளிகளோடு பீலிக்குப் போனான்.

படிக்கிறவர்கள் மனம் கனக்க வேண்டாம். பிற்பாடு பூமணிக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேரும் என் காம்பராத் தொட்டிலில் ஆடியவர்கள்தான்.

மடவளை நானா

மாதம் ஒருமுறை துணி மூட்டையோடு எங்கள் தோட்டத்துக்கு வருவார் மடவளை நானா. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மடவளையிலிருந்து பஸ்ஸில் கண்டி, கண்டியிலிருந்து அம்பிட்டிய, அதற்குப் பிறகு நடை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு தேத்தண்ணீர் கேட்பார். பிறகுதான் சீத்தைத் துணி வெளியே வரும்.

அந்த மாதம் யாரும் துணியைத் தொடவில்லை.

"என்ன தங்கச்சி, எல்லாருட முகமும் வாடிப்போய் ஈக்குது?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். அவர் மூட்டையை மெதுவாகத் திரும்பக் கட்டினார். பீலிப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பாதை விளிம்பில் நின்று மண்ணை மட்டும் காலால் கிளறிப் பார்த்தார்.

"நான் ஒண்டு செல்லுறேன், கேளுங்க. எங்கட ஊட்டுக் கிணத்தைச் சுத்திக் கறுவா நட்டிருக்கு. பொண்டுகள் குளிக்கிற கிணறு. பக்கத்து ரோட்டால ஊர்வலமே போனாலும் உள்ளுக்கு ஒண்டும் தெரியாது. வெயில் காலத்திலயும் இலை கொட்டாது. ஆடு கடிச்சா மணத்துக்கே துப்பிரும்."

"கறுவாப்பட்டையா? கறிக்குப் போடுறதா?" என்றாள் இராமாயி. எங்களுக்குக் கறுவா என்றால் தீபாவளி இறைச்சிக் கறியில் மிதக்கும் ஒரு சுருள் துண்டு. அதற்குச் செடி, இலை என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

"மரத்துக்குக் கீழ பறவை போட்ட கொட்டையெல்லாம் முளைச்சு நிக்குது. வந்து தோண்டிக்கொண்டு போங்க" என்றார் நானா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இராமாயியும் சாக்கோடு கிளம்பினோம். இராமாயி தோட்டத்தை விட்டு வெளியே போவது வருஷத்துக்கு ஒரு தடவை, கண்டித் திருவிழாவான பெரஹராவுக்கு. கண்டியில் இறங்கியதும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டவள், மடவளை பஸ் ஏறும் வரைக்கும் விடவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஆற்றைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள்ளேயே எழும்பி நின்று, "இம்புட்டுத் தண்ணி இங்க ஓடுது பாரேன்" என்றாள். முன்னால் இருந்த கண்டக்டர் திரும்பிச் சிரித்தான்.

நானாவின் மனைவியை எல்லாரும் தாத்தா என்றார்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்று இராமாயிக்கு நான் காதோடு சொல்ல வேண்டியிருந்தது. கித்துள் கருப்பட்டித் துண்டோடு பால் விடாத சாயத் தேத்தண்ணீர் தந்தார். நாங்கள் வந்த காரணத்தை நானா விவரமாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொன்னேன். விழுந்த பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அல்லாஹ்! அந்தப் புள்ள இப்ப எங்க குளிக்குது?"

"வீட்டுக் கோடியில, சாக்குக்குள்ள."

அதற்குப் பிறகு அவர் எங்களைத் தோண்டவிடவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு தானே மண்வெட்டியை எடுத்தார். கறுவா நாற்றுக்கு ஆணிவேர் நீளம். அது அறுந்தால் செடி பிழைக்காது. சுற்றிவர ஆழமாகக் குத்தி, மண்ணோடு கிளப்பி, ஒவ்வொன்றையும் வாழை மட்டையில் சுற்றி வாழை நாரால் கட்டினார். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரிச் சுற்றினார். எனக்கு அது நன்றாகத் தெரிந்த கை.

கிணற்றடியையும் பார்த்தோம். உள்ளே போய் நின்றால் நாலு பக்கமும் பச்சைச் சுவர். புதுக் கொழுந்துகள் செக்கச் சிவந்து, தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பூ என்று நினைப்பார்கள். இராமாயி ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். மடியில் ஒன்றை முடிந்துகொண்டாள்.

ஒரு வாளித் தண்ணீர்

மழை தொடங்கியதும் நட்டோம். பாதை விளிம்பை ஒட்டி இரண்டு வரிசை. முன் வரிசையில் இரண்டு செடிக்கு நடுவே விட்ட இடைவெளிக்கு நேராகப் பின் வரிசையில் ஒரு செடி. குழிக்குள் மாட்டுப்பட்டி எரு. தேயிலை நாற்றுமேடையில் நிழலுக்குக் குத்துகிற கெக்கில்லத் தழையைக் கொண்டுவந்து ஒவ்வொரு செடிக்கும் குடை மாதிரிக் குத்தினோம்.

நட்டுவிட்டுப் பார்த்தால் வேலி என் கணுக்கால் உயரம் இருந்தது. ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். "இது வளந்து நம்மள மறைக்கிறதுக்குள்ள நம்மள பாக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றாள் இராமாயி.

ஆனால் சட்டம் போட்டதும் அவள்தான். குளித்து முடித்தவள் ஒரு வாளித் தண்ணீரை மேட்டில் கொண்டுபோய் ஊற்றிவிட்டுத்தான் லயத்துக்குப் போகலாம். மழை பெய்தாலும் ஊற்றச் சொல்வாள். "மறந்து பழகக்கூடாது" என்பாள். செடிக்கு ஆகாது என்று சொல்லி நான்தான் மழைநாளை நிறுத்தினேன். அவளுடைய சொந்த ஆடே ஒருநாள் இரண்டு நாற்றை இழுத்துப்போட்டபோது, நானா சொன்ன மாதிரி அது துப்பவில்லை. நன்றாக மென்று தின்றது. இராமாயி ஆட்டைக் கட்டிவைத்து அதற்கும் ஏச்சுக் கொடுத்தாள்.

முதல் வருஷம் செடி அசையவே இல்லை. இரண்டாவது வருஷம் இலைகளில் பரு மாதிரி எழும்பியது. பயந்துபோனோம். நானா பார்த்துவிட்டு, "அந்த இலையை மட்டும் கிள்ளி எரிச்சிருங்க" என்றார். மூன்றாவது மழைக்குப் பிறகு ஒருநாள் பார்த்தால் செடிகள் என் தோளைத் தொட்டு நின்றன.

பூமணியும் வருவாள். குளிக்க இல்லை, களை பிடுங்க. பாதையில் லொறிச் சத்தம் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு களை பிடுங்குவாள்.

கிள்ள மனம் வரவில்லை

நானா நடும்போதே ஒன்று சொல்லியிருந்தார். முழங்கால் உயரம் வந்ததும் தலையைக் கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் வெடிக்கும், அடி அடர்த்தியாகும். கிள்ளாவிட்டால் ஓங்கி ஓங்கிப் போகும், கால் வெறுமையாகிவிடும்.

எங்களால் முடியவில்லை. ஒவ்வொரு விரலளவு உயரத்துக்காகவும் காத்திருந்த பெண்கள் நாங்கள். அந்தத் தலையை எப்படிக் கிள்ளுவது? "அடுத்த மாசம் கிள்ளலாம், அடுத்த மாசம் கிள்ளலாம்" என்று மூன்று வருஷம் போய்விட்டது.

அவர் சொன்னபடியே ஆனது. மேலே பச்சைக் கூரை. கீழே வெறும் கால்கள். பாதையில் நிற்கிறவன் கொஞ்சம் குனிந்தால் அந்தக் கால்களுக்கு நடுவே பாறை முழுக்கத் தெரியும். பூமணி ஒருநாள் பாதையில் குந்திப் பார்த்துவிட்டு எழும்பினாள். "தெரியுது அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அம்பிட்டியப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வேலிக்கென்றே வளர்த்த செடிகளைச் சட்டியோடு வாங்கி நடுகிறார்கள். அவர்களில் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். சின்னதிலேயே வெட்டுங்கள், மனம் கேட்காவிட்டாலும் வெட்டுங்கள்.

சுப்பையா பேசினான்

அந்த நேரத்தில்தான் சின்னத்துரை வந்தார். பெரிய துரைக்குக் கீழே புதிதாக வந்த இளம் வயதுக்காரர். தமிழைத் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. முந்தின வாரம் எங்கள் வேலி முடிகிற வளைவில் ஒரு லொறியும் வேனும் மோதப் பார்த்திருக்கின்றன. வேனுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கவ்வாத்து ஆண்களைக் கூட்டிவந்து வேலிக்கு முன்னால் நிறுத்தினார். நான் பிள்ளைக் காம்பராவின் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு குழந்தை. அதையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் எப்படியோ சேதி போய்விட்டது. கூடைகளோடு இறங்கி வந்தார்கள். பூமணியும் வந்தாள்.

"இது எல்லாம் புடுங்குங்க" என்றார் சின்னத்துரை. "வளைவுல எதிர்ல வர்றது தெரியலை."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இராமாயி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் சுப்பையா கத்தியைக் கீழே வைத்தான்.

"நான் புடுங்க மாட்டேங்க."

அவன் குரலை அவ்வளவு சத்தமாக நாங்கள் யாரும் கேட்டதில்லை. சின்னத்துரைக்கு ஆச்சரியம். "ஏன்?"

"கீழ பீலி இருக்குங்க. எங்க பொம்பளைங்க குளிக்கிற எடம். ரோட்ல போறவங்க பாக்கிறாங்கன்னு என் பொஞ்சாதி இருட்டுல குளிக்கப் போனா." கீழே பாறைப் பக்கம் கையைக் காட்டினான். "விழுந்துட்டா. எங்க புள்ள போயிருச்சு. பொறந்திருந்தா இந்நேரம் இந்த ஆயம்மாகிட்ட விட்டிருப்போம்."

என் கையிலிருந்த குழந்தை என் தாலிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பூமணி கூடையைக் கழற்றாமலே நின்றாள். பிள்ளை போனதைப் பற்றி அவன் பேசி அவளே கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னாள். வீட்டுக்குள்ளும் பேசியதில்லையாம். அவனுக்கு அது மறந்துபோனது என்று அத்தனை நாளும் நினைத்திருந்தாளாம்.

சின்னத்துரை தொப்பியைக் கழற்றினார். பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாது" என்றார். வளைவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆனா நாளைக்கு இந்த வளைவுல ஒரு புள்ள அடிபட்டா நான் என்ன செய்ய? அதுவும் யாரோட புள்ளதானே?"

அவர் சொன்னதும் நியாயம்தான்.

கவ்வாத்து

சுப்பையாதான் மறுபடி பேசினான். வேலியை ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தான்.

"வேர்ல கை வைக்க வேணாங்க. கவ்வாத்து வெட்டுறேன், முழங்கால் ஒசரத்துக்கு. தேயிலை மாதிரி இதுவும் வெடிக்கும். அப்புறம் இடுப்புக்கு மேல போகவிடாம நானே வெட்டிக்கிட்டு வாறேன். வளைவு தெரியும்."

"ஐயோ, முழங்காலுக்கா?" என்றாள் ஒருத்தி. "இடுப்பளவு வேலியில லொறியில போறவனுக்குத் தெரியாதா?" என்றாள் இன்னொருத்தி.

சின்னத்துரை எழும்பி விளிம்புக்குப் போய் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். அந்நேரம் பீலியில் யாரும் இல்லை. பாதைக்கும் பாறைக்கும் நடுவே மேடு சரிவாக இறங்கியது. கையால் அந்தச் சரிவின் நடுவைக் காட்டினார்.

"அங்க இன்னொரு வரிசை நடுங்க. அது எவ்வளவு உயரம் போனாலும் ரோட்டுக்கு மறைக்காது. உங்களுக்கு மறைக்கும்."

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. இராமாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதை மூணு வருசத்துக்கு முந்தி வந்து சொல்லியிருக்கலாமே சாமி" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அப்போது அவர் இந்தத் தோட்டத்திலேயே இல்லை.

சுப்பையா வெட்டினான். ஒரே வீச்சில் ஒரு கிளை. கறுவா வாசம் மலை முழுக்கப் பரவியது. வெட்டி முடித்தபோது மூன்று வருஷமும் பாதையில் குவியலாகக் கிடந்தது. பெண்கள் சிலர் அழுதார்கள். நானும்தான். ஆயிரக்கணக்கான தேயிலைச் செடியை முழங்காலுக்கு வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெட்டிய செடி முன்னைவிட அடர்த்தியாக வெடிப்பதையும் ஒவ்வொரு தடவையும் பார்த்தவர்கள். ஆனால் நம்முடையது என்று வந்தால் மனம் வேறு கணக்குப் போடுகிறது.

மடவளைக்கு மறுபடி போனோம். தாத்தா இந்த முறையும் மண்வெட்டியை எங்களிடம் தரவில்லை.

சில மாதம் பழைய சாக்குதான் மறைப்பு. பிறகு ஒருநாள் வெட்டிய கட்டைகளில் சிவப்புச் சிவப்பாக முளை கண்டது. ஒரு கட்டையில் ஐந்து, ஆறு. பிள்ளைக் காம்பராக் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர்கள் ஆளுக்கொரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். இராமாயி பார்த்திருந்தால் என்னைக் கொன்றிருப்பாள்.

இந்த முறை கிள்ள வேண்டிய நேரத்தில் கிள்ளினோம். சரிவில் நட்ட கீழ் வரிசையையும் சின்னதிலேயே தலை கிள்ளினோம். இரண்டு மழைக்காலம் போயிற்று. மேல் வேலி இடுப்பளவில் சுவர் மாதிரி நின்றது. கீழ் வேலி தரையிலிருந்தே கிளைத்து, ஆளுக்கு மேல் போனது. அந்த அடர்த்திக்குள் கையை நுழைத்தால் மறுபக்கம் வராது. சுப்பையா பாதையில் நின்று, குந்தி, நின்ற லொறியொன்றில் ஏறி, எல்லா விதமாகவும் பார்த்தான். கீழே இறங்கி வந்து பூமணியிடம், "ஒண்ணும் தெரியல" என்றான்.

அவள் உடனே வரவில்லை. ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளன்று, நல்ல உச்சி நேரத்தில், வாளியும் சீயக்காய்க் கிண்ணமுமாக என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"வாங்க அக்கா, குளிச்சிட்டு வருவோம்."

துணியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன். பீலியில் இராமாயி மட்டும் இருந்தாள். பூமணியைப் பார்த்ததும் தன் துவைத்த துணிகளை ஒதுக்கித் தண்ணீர் விழுகிற இடத்தைக் காலியாக்கினாள்.

பூமணி பாவாடையை ஏற்றிக் கட்டினாள். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை மட்டும்தான். பிறகு கூந்தலை அவிழ்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். அவ்வளவு கூந்தல் அவளுக்கு இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. குளித்தாள், குளித்தாள், அப்படிக் குளித்தாள். நாங்கள் குளித்து முடித்துத் துணி பிழிந்த பிறகும் அவள் தண்ணீருக்கு அடியிலேயே நின்றாள்.

கடைசியில் கூந்தலை முன்பக்கம் வாரிப் போட்டுக்கொண்டு பாறையின் வெளி விளிம்புக்கு வந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்னடி?" என்றாள் இராமாயி.

"முதுகுல வெயில் படுது அக்கா" என்றாள் பூமணி.

"படட்டும், படட்டும்" என்று இராமாயி ஈரத் துணியை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். "நமக்கு இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்லை."